சனிக்கிழமைக் கூட்டம்

"இந்தப் பனியில மூணு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து ஆறிப்போன காபி குடிக்கணுமா? இனிமே கூட்டத்தை வீடியோவுலயே வச்சுக்கலாம்."

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் லைல் தோர்வால்ட்சன். கனடாவின் வடக்கு மனிடோபா குடும்ப மருத்துவர் சங்கக் கிளையில் நாங்கள் ஐந்து பேர். ஆளுக்கொரு ஊர், ஊருக்கு ஒரே டாக்டர்.

"வழிமொழியறேன். சோபாவுல உட்கார்ந்தே முடிச்சிடலாம்," என்றார் ஒக்ஸானா.

செயலாளரான நான் கேட்டேன்: "சனிக்கிழமை ஊர்ல உங்களுக்கு அவ்வளவு வேலையா லைல்?"

"வேலையாவது! டோனட் கடைக்குள்ள நுழைஞ்சாலே எவனாவது நாக்கை நீட்டிக் காட்டுறான். ஊர் மொத்தமும் என் பேஷன்ட்டுதானே."

சிரித்தோம். மற்ற இருவரும் தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார்கள். நானும்தான்.

சங்க விதிப்படி ரகசிய ஓட்டு. சீட்டுகளை நான்தான் பிரித்தேன். முதல் சீட்டில் 'வீடியோ வேண்டாம்'. அடுத்த இரண்டிலும் 'வேண்டாம்'. என்னுடையதும் அதேதான். கடைசிச் சீட்டில் லைலின் கோழிக் கிறுக்கல். அதிலும் 'வேண்டாம்'.

"தீர்மானம் தோத்துப்போச்சு."

"எத்தனை ஓட்டுல?" என்று முறைத்தார் லைல்.

சீட்டுகளைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். "ஒரே ஓட்டுல."

"யாருய்யா அந்தப் பாவி?" என்று முணுமுணுத்தபடி, கிளம்புவதற்காக மாட்டியிருந்த கோட்டைக் கழற்றிவிட்டு, மறுபடி காபி போட எழுந்துபோனார்.

கூட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது ஒருவர் முன்மொழிய வேண்டும்.

யாரும் முன்மொழியவில்லை.