தீட்டு இல்லாத கால்

கனடாவிலிருக்கும் கதிரேசனின் தாய் குணமாக வேண்டுமென்று, மகனுக்குப் பதிலாக மாலை போட்டுப் பழனிக்கு நடந்துகொண்டிருந்தாள் பேச்சியம்மாள். அவள் பாதத்தில் ஒட்டியிருந்த உணரி பிடித்த வலியெல்லாம், அங்கே கதிரேசன் போட்டிருந்த மின்காலுறை வழியே அவர் பாதத்தில் இறங்கியது.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் அவள் காதிலிருந்த ஒலிக்கருவியில் அவர் குரல் உடைந்தது.

"அக்கா, அம்மா போயிட்டாங்க. எங்களுக்குத் தீட்டு. மாலையைக் கழட்டிட்டு ஊருக்குத் திரும்பிடுங்க."

பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தீட்டு உங்களுக்குத்தான் தம்பி, என் காலுக்கு இல்லை. வழியில மோர் கொடுத்தவங்க எல்லாரும் உங்கம்மா பேரைக் கேட்டுக் கும்பிட்டாங்க. பாதியில திரும்பினா அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? வேணும்னா உங்க காலுறையைக் கழட்டிக்குங்க."

அவள் நடந்தாள். சரளைக்கல் ஒன்று கொப்புளத்தில் குத்தியது.

"ஸ்ஸ்..." என்று காதில் அவர் முனகினார்.

காலுறையைக் கழற்றவில்லை.