முதல் மிடறு வாயு

பழுதுபார்ப்பு முடிந்து வையுக்கு என்ற ஊரின் இரும்பு உருக்காலை உலை இன்று காலைதான் மூச்சுவிட்டிருக்கிறது. அதன் கழிவு வாயு, பக்கத்தில் மெரே வேலை பார்க்கும் கொட்டகையின் சுவரோரக் குழாயில் வந்து உறுமுகிறது. ஆளுயரக் கண்ணாடித் தொட்டிக்குள், கலங்கிய காப்பி நிறத்தில், இத்தனை நாளும் பட்டினி கிடந்த நுண்ணுயிர்கள். நம்மைக் கொல்லும் வாயுதான் அவற்றுக்குச் சாப்பாடு; தின்றுவிட்டு, வண்டிகளுக்கு எரிபொருளாகும் சாராயம் தரும். வேறு கடை ஏறாத வாடிக்கையாளர்கள். இன்றைக்குள் விழிக்காவிட்டால் தொட்டியைக் கழுவி ஊற்றிவிட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. மெரே வால்வை மயிரிழை திறக்கிறாள். பொடிக் குமிழ்கள் சன்னல் வெயிலைச் சுமந்துகொண்டு மேலேறுகின்றன. "நல்லாத் தொறந்து விடுக்கா, பாவம், பசியில கெடக்குதுங்க," என்கிறான் உலையிலிருந்து வந்த ஹேமி, இறைச்சி அடைத்த அப்பத்தை மென்றபடி. "காஞ்சு கெடந்த வயித்துக்கு மொத வேளையே விருந்து வெப்பியாடா? அளவு மிஞ்சினா அந்த வாயுவே இதுங்களுக்கு நஞ்சு." "எங்கம்மாகூட என்னை இப்படிப் பாத்துக்கிட்டதில்ல." "நீ சாராயம் தர்ற ஆளில்லையே, குடிக்கிற ஆளாச்சே." வெளிக்குழாய் மானியில் முள் உச்சியிலேயே நிற்கிறது, உள்ளே போன வாயு அப்படியே வெளியே வருகிறது, யாரும் வாய் வைக்கவில்லை. தொட்டியின் வெதுவெதுப்பான வயிற்றில் மெரே உள்ளங்கையைப் பதிக்கிறாள். வால்வை இன்னும் திறக்கச் சொல்லி விரல்கள் துடிக்கின்றன, மடக்கிக்கொள்கிறாள். ஹேமியும் மெல்லுவதை நிறுத்திவிடுகிறான். முள் ஒரு கோடு இறங்குகிறது. நிற்கிறது. பிறகு இன்னொரு கோடு. "சாப்பிடுதுங்க," என்கிறாள் மெரே, தொட்டில் பக்கத்தில் பேசும் குரலில்.