என்னை நம்பி ஒருத்தர்

“அந்த வேலைக்கு வரலைன்னு சொல்லிடப் போறேன்” என்றான் கணவன், கண்ணாடியைப் பார்த்து டையை இறுக்கிக்கொண்டே.

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

பழைய கம்பெனியில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவன். ஏறாத படியெல்லாம் ஏறி, இப்போதுதான் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை கூடி வந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

“ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?”

“நான் இணைய வணிக வழிகாட்டி. என்னைப் போய் மூட்டை எண்ணச் சொல்றியா?”

இந்தப் பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை. அவனே சூட்டிக்கொண்டது. தூங்கும்போதும் பணம் கொட்டும் என்று கைப்பேசியில் கத்திய ஒரு நிபுணரிடம், அவள் வளையலை விற்றுப் பாடம் படித்தான். அந்த மகானுபாவர் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: நீயும் நிபுணர் என்று சொல்லிக்கொள்.

அன்று முதல் தினமும் காலையில் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு நேரலை வகுப்பு. மேலே கோட்டு, டை. கைப்பேசியில் தெரியாது என்பதால் கீழே அரைக்கால் சட்டை.

தன் வித்தையை முதலில் மாமனார் கடையில்தான் காட்டினான். கீழ்த்தளத்தில் அவருக்குப் பட்டறை. சவப்பெட்டி செய்பவர்.

“வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வரணும், மாமா. அதுதான் தொழில் ரகசியம்.”

“நம்ம பெட்டியில போனவங்க யாரும் இதுவரைக்கும் திரும்பி வரலை, மாப்பிள்ளை. வந்தா நான் கடையைப் போட்டுட்டு ஓடிடுவேன்.”

மாப்பிள்ளை விடவில்லை. ‘இன்றே முந்துங்கள்! உங்கள் நண்பருக்கும் ஒன்று பரிசளியுங்கள்!’ என்று இணையத்தில் விளம்பரம் போட்டான். அன்று முழுக்க மாமனாரின் போனில் வசவு மழை.

இவ்வளவுக்குப் பிறகும் மனுஷனுக்குத் தெளியவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்க வகுப்புக்கு யாருங்க வர்றாங்க?”

“என்னை நம்பி ஒருத்தர் இருக்கார். ‘முன்னேறத் துடிப்பவன்’னு பேர் வெச்சிருக்கார். முதல் நாள்லேருந்து ஒரு வகுப்பு தவறினதில்லை. ‘அருமை ஐயா, என் கண்ணைத் திறந்துட்டீங்க’ன்னு தினமும் எழுதறார். அவரை நடுவழியில விட்டுட்டுப் போகச் சொல்றியா?”

“வேற?”

“வேற... வருவாங்க.” சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். “நேரமாச்சு. மாமாகிட்ட மெஷினை நிறுத்தச் சொல்லு. வகுப்புல ஒரே இரைச்சலாக் கேக்குது.”

தடதடவென்று கீழே இறங்கினாள்.

அப்பா பலகையை இழைத்துக்கொண்டிருந்தார்.

“மெஷினை நிறுத்தணும், அவ்வளவுதானே? தினம் நடக்கறதுதானே” என்று சுவிட்சை அணைத்தார். “நிபுணனாம் நிபுணன்! அந்த வளையலை முழுங்கினவன் மட்டும் என் கையில கிடைச்சா, இருக்கறதிலேயே சின்னப் பெட்டியில மடிச்சு வெச்சு அனுப்புவேன்.”

“அவனை விடுங்கப்பா. இவர் கிடங்கு வேலை வேண்டாங்கறார்.”

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். “ஏனாம்?”

“எவனோ ஒருத்தன் இவரை நம்பித் தினமும் வகுப்புக்கு வர்றானாம். அவனை விட்டுட்டு வர மாட்டாராம்.”

“அந்த ஒருத்தனுக்காகவா?”

“அவனுக்காகத்தான்! அருமை, பெருமைன்னு எழுதி எழுதியே என் குடும்பத்தைக் கெடுத்துட்டான் பாவி. அவன் கை விளங்காமப் போக!”

அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. பட்டறையெங்கும் மரத்தூள்.

“நீங்களாவது அவர்கிட்ட நறுக்குனு நாலு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா?”

“வேலை இல்லாம இருக்கற மனுஷன்கிட்ட என்னத்தைம்மா சொல்றது? சொன்னா முகம் செத்துப்போயிடும்.”

“நீங்களும் வேணாம், உங்க மாப்பிள்ளையும் வேணாம்!” என்று தலையில் அடித்துக்கொண்டு மேலே போனாள்.

படுக்கையறைக்குள் வகுப்பு உச்சத்தில் இருந்தது.

“தோல்வியைக் கண்டு துவளாதீர்கள்! உங்களுக்குள் ஒரு கோடீஸ்வரன் தூங்கிக்கொண்டிருக்கிறான்! அவனைத் தட்டி...”

பேச்சு சட்டென்று நின்றது. நின்றது நின்றதுதான்.

கதவைத் தள்ளிப் பார்த்தாள். அவன் கைப்பேசித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

‘ஐயா, இன்றோடு விடைபெறுகிறேன். எனக்கு ஒரு கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. உங்களுக்கும் அப்படி ஒன்று வந்தால் விட்டுவிடாதீர்கள். இப்படிக்கு, முன்னேறத் துடிப்பவன்.’

அவன் அதை இன்னொரு தடவை படித்தான். பிறகு டையைக் கழற்றிக் கட்டிலில் போட்டான்.

“அந்தக் கிடங்குக்காரங்க நம்பரை எங்கே வெச்சிருக்கே?”

அவள் நம்பரை அவன் கையில் திணித்துவிட்டு, ஒரே ஓட்டமாகக் கீழே ஓடினாள்.

பட்டறையில் மெஷின் இன்னும் ஓடவில்லை. பாதி முடிந்த ஒரு பெட்டியின் விளிம்பில் அப்பா உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி. மடியில் கைப்பேசி, அதன் மேலெல்லாம் மரத்தூள்.

“அப்பா! அந்தப் பாவி ஒழிஞ்சான்! இவர் வேலைக்குப் போறேன்னுட்டார்!”

“ரொம்ப நல்லதும்மா” என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமலே. “அப்படின்னா இப்ப விட்டியே ஒரு சாபம், அதைத் திரும்ப வாங்கிக்கோ. ரம்பம் பிடிக்கற கை.”