மஞ்சள் வட்டை

"வெள்ளாமை விளைஞ்சு கிடக்கு. வெட்டு மெசினக் கூப்பிடு, புள்ள," என்றார் கோணாமலை மனைவியிடம்.

புஸ்பம் வயலைப் பார்த்தாள். பச்சை. கதிரை நசுக்கினால் பால்தான் வரும். இன்னும் மூன்று கிழமையாவது போகவேண்டும். இப்போது வெட்டினால் வீட்டுக்கு வருவது வைக்கோல் மட்டும்தான்.

இருதயம் தாளம் தப்பி அடிக்கிறதென்று டொக்டர் கொடுத்த மாத்திரை மனுசனின் நெஞ்சைச் சரியாக்கி, கண்ணைக் கெடுத்துவிட்டது. அது உடம்பில் கூடினால் கண்டதெல்லாம் மஞ்சளாகத் தெரியுமாம். அடுத்த கிளினிக்கில் குறைத்துத் தருவார்களாம். அதுவரை வீட்டில் நிம்மதி இல்லை. பாலுக்குள் ஏன் மஞ்சள் போட்டாய் என்று சண்டை. முந்தாநாள், கொக்குகளுக்கெல்லாம் காமாலை என்று மிருக வைத்தியருக்குப் போன் போட்டார்.

"காமாலைக்காரனுக்குத்தான் கண்டதெல்லாம் மஞ்சள் எண்டுவாங்க. எனக்கு வாய்ச்சது காமாலையே இல்லாத மஞ்சள்," என்றாள் புஸ்பம்.

அவர் அசையவில்லை. மெசின் இன்றைக்கு மட்டும்தான் வவுணதீவுப் பக்கம் நிற்கிறது, விட்டால் யானை தின்றுவிடும் என்றார். பக்கத்து வயல்காரர்களும் பச்சை என்றார்கள். அவர்கள் எல்லாரும் புஸ்பத்தின் கட்சியாம்.

கடைசியில் இருவரும் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள். வட்டை விதானை உசனார் வந்து சொல்லட்டும். தண்ணீர் திறப்பதிலிருந்து வெட்டு வரைக்கும் அந்த வயல்வெளி முழுவதற்கும் நாள் குறிப்பவர் அவர்தான். அவர் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது.

உசனார் ஓட்டோவில் வந்தார். மூச்சு வாங்குகிறதென்று இறங்கவில்லை. இருந்தபடியே வயலை ஒரு சுற்றுப் பார்த்தார். விதைத்த நாளைப் புஸ்பம் எண்ணிச் சொன்னதற்கு, இந்தமுறை வெயில் கூட, வெள்ளாமை முந்திவிட்டது என்றார்.

"பொன்னா விளைஞ்சு கிடக்கு, தங்கச்சி. இதையா பச்சை எண்டீங்க? வெட்டுங்க."

கோணாமலை மனைவியை ஒரு பார்வை பார்த்தார். புஸ்பம் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அவளுக்கு இன்னும் பச்சையாகத்தான் தெரிந்தது. டொக்டரிடம் போகவேண்டியது நான்தானாக்கும் என்று நினைத்தவள், வரப்போரம் காத்து நின்ற மெசின்காரனுக்குக் கையைக் காட்டினாள்.

மெசின் பாதி வயலைத் தாண்டியபோது, விதானையார் ஓட்டோவைத் திருப்பச் சொன்னார்.

"மறுகா செவ்வாய்க்கிழமை கிளினிக்கில காணுவம், அண்ணன்," என்றார் கோணாமலையிடம். "உங்கட நெஞ்சு மாத்திரையத்தானே எனக்கும் தாறாங்க."