போகாதீர்கள்

“இதை எழுதினது நீங்கதானே?”

கதவு முழுசாகத் திறப்பதற்குள் அவள் கைப்பேசியை அந்த மனிதரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. கோபம் மட்டும் ஒரு படிகூட இறங்கவில்லை.

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார். “ஆமா, நான்தான். எழுத்துப்பிழை ஏதாவது இருக்கா?”

இணையத்தில் அவருக்கு ‘கறார்’ என்று பெயர். விளையாட்டு, சினிமா, தொடர், புத்தகம், ஒரு நாள் சுற்றுலா என்று எதையும் விடமாட்டார். வாரத்துக்கு ஒன்றை எடுத்துத் துவைத்துக் காயப்போடுவார். அதைப் படித்துவிட்டுத்தான் ஊரில் பாதிப் பேர் லீவு நாளில் எங்கே போவது என்று முடிவு செய்தார்கள்.

புத்தகம் அனுப்புகிறவர்களுக்காகப் பக்கத்தின் அடியில் முகவரி போட்டிருந்தார். அதை வைத்துத்தான் அவள் வந்திருந்தாள்.

“சத்தமா படிங்க சார். உங்க வாயால கேட்கணும்.”

அவர் தயங்கவில்லை. செய்தி வாசிப்பதுபோல் வாசித்தார். “ஏரிப் படகுச் சுற்றுலா. போகாதீர்கள். காலையில் ஏறி மாலையில் இறங்கும்வரை பார்க்க ஒன்றுமில்லை. தீவு என்று சொல்லி ஒரு மண்மேட்டில் இறக்கிவிடுகிறார்கள். இன்ஜின் சத்தத்தில் காது போய்விடும். ஒரு நாள் வீண்.” கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். “சரியாத்தானே இருக்கு?”

“அந்தப் படகை ஓட்டுறவ நான்.”

“அப்படியா.”

உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை. அவளாகவே உள்ளே நுழைந்தாள். கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி. பக்கத்து ஸ்டூலில் அட்டை கிழிந்து, முதுகு பிய்ந்து, தையல் நூல் தொங்க ஒரு நாவல் கிடந்தது. ‘குப்பை’ என்று அவர் எழுதியிருந்த அதே நாவல். புத்தகத்தைக்கூட விட்டுவைக்கவில்லை பாவி என்று நினைத்துக்கொண்டாள்.

“நீங்க எழுதினது அத்தனையும் உட்கார்ந்து படிச்சேன். ஒண்ணைப் பத்தியாவது நல்ல வார்த்தை உண்டா? பழைய தியேட்டர்ல மூட்டைப்பூச்சின்னு எழுதுனீங்க. இப்ப ஒரு காட்சிக்கு நாலு பேர் வந்தா பெரிசு.”

“படம் பார்க்க நாலு பேர் எதுக்கு?”

“கேரம் கிளப்புல போர்டெல்லாம் கோணல்னு எழுதுனீங்க. அவங்க ஈ ஓட்டிட்டு இருக்காங்க.”

“எனக்குத் தோணுனதை நான் எழுதுறேன். படிக்கச் சொல்லி யாரு கையைப் பிடிச்சு இழுத்தா?”

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “என் வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் பாடுபட்டு, பலகை பலகையா இழைச்சுச் சேர்த்த படகு அது. நீங்க நாலு வரில மூழ்கடிச்சுட்டீங்க. இப்ப அவர் எங்கேயோ லாரி ஓட்டுறார். வீட்டுக்கு வர்றதே மாசம் ஒரு நாள். வந்தாலும் ஏரிப் பக்கம் தலை வச்சுப் படுக்கிறதில்ல.”

“அதுக்கு நான் என்ன பண்றது? நல்லா நடத்தியிருந்தா நான் எழுதினதையும் மீறிக் கூட்டம் வந்திருக்கும்.”

“கொஞ்சமாவது மனசாட்சி இருக்காய்யா உனக்கு?”

“மரியாதையா பேசுங்க. கதவு அந்தப் பக்கம்.” கையையும் நீட்டிக் காட்டினார்.

ஓங்கி ஒன்று விடலாமா என்று அவளுக்குக் கை துறுதுறுத்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பினாள்.

“போறேன். சண்டை போட வரல, ஒரு நல்ல சேதி சொல்லத்தான் வந்தேன். கேட்டுக்கோங்க. படகை நேத்து வித்துட்டேன். வாங்கினவன் கரையில வச்சே பிரிச்சு, இன்ஜின் தனியா பலகை தனியா வண்டில ஏத்திட்டுப் போயிட்டான். இனிமே யாரோட ஒரு நாளும் வீணாப் போகாது. வயிறு குளிர்ந்துச்சா?”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கட்டும், செருப்பைக் கழற்றிவிடலாம் என்றே நின்றாள்.

அவர் சிரிக்கவில்லை. கையைப் பின்னால் துழாவி, நாற்காலியைப் பிடித்து, மெல்ல உட்கார்ந்தார்.

“பிரிச்சுட்டாங்களா?”

“ஆமா.”

“கடைசி பெஞ்சு? இடதுபக்க ஓரத்துல, சாய்ஞ்சு உட்கார்ற மாதிரி ஒண்ணு இருக்குமே…”

“அதையும் சேர்த்துத்தான். உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க எதுவும் கிடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். இவ்வளவு நேரம் கறாராக இருந்த குரல் கம்மிப்போயிருந்தது.

“அப்ப ஞாயித்துக்கிழமை நான் எங்க போவேன்?”

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “நீங்க என் படகுல வந்திருக்கீங்களா?”

“நாலு வருஷமா, வாராவாரம். டிக்கெட் கொடுக்கிற பையன்கிட்ட வாங்கிட்டு நேரா கடைசி பெஞ்சுக்குப் போயிடுவேன். நீங்க முன்னாடி சுக்கானைப் பிடிச்சுட்டு நிப்பீங்க, திரும்பவே மாட்டீங்க. உங்க முதுகைத்தான் எனக்குத் தெரியும்.”

“வாராவாரம் வந்தீங்களா? அப்புறம் எதுக்குய்யா போகாதீங்கன்னு எழுதின?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். இதுகூடவா தெரியாது என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

“நல்லா இருக்குன்னு எழுதினா எல்லாரும் வந்துருவாங்களே!”