பாட்டு முடியட்டும்

"பாட்ட நிறுத்துங்க மாப்ள! சாமி வாசல்ல சாமியவே திட்டுற பாட்டா?"

மூக்கையா கத்தினார். மருமகன் தங்கப்பாண்டி மைக்செட் பெட்டியை மறித்து நின்றான். ஒலிபெருக்கிக் குழாயில் சினிமாக் கதாநாயகன், மனைவியின் உடலைக் கிடத்திவிட்டுக் கடவுளிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தான்.

ராமநாதபுரம் பக்கத்துச் சிக்கல் ஊருக்கு அருகே அந்தக் கருப்பணசாமி கோயிலில், சாமி இறங்கி வாக்குச் சொல்லும் நாள் அது. ஊரே கூடியிருந்தது.

"பாட்டு முடியட்டும் மாமா."

"ஏலே மைக்செட்டு, நீ அமத்துடா!"

"வயரத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்."

மைக்செட்காரர் பீடி பற்றவைக்கப் போய்விட்டார்.

"எம்.எஸ்சி. படிச்ச ஆளு, படம் பாத்துக் கெட்டுப்போயிட்டீங்களே!"

"சாமிகிட்ட வரம் மட்டுமில்ல, கேள்வியும் கேக்கலாம்னு படத்துல ஒருத்தன் கேக்கவுந்தான் மாமா தெரிஞ்சுச்சு."

"செத்தது எம் மக. எனக்கு வலிக்கலையா?"

"வலிச்சா நீங்களும் கேளுங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, இதே இடத்துல, கலைச்செல்வி நெத்தியில துன்னூறு பூசி, 'வெறும் காச்சதான், ஆஸ்பத்திரி வேணாம், நான் இருக்கேன்'னு சாமி சொல்லுச்சா இல்லையா?"

மூக்கையா தரையைப் பார்த்தார். "சொல்லுச்சு."

"நம்பிப் படுத்தவ ஒம்பதாம் நாள் போயிட்டா. அதுக்குப் பதில் வராம இன்னைக்கு யாருக்கும் வாக்குக் கிடையாது."

கூட்டத்திலிருந்து ராக்கு, துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டபடி முன்னால் வந்தாள். "அண்ணே, மூணு நாளாக் காச்சண்ணே. வாக்குக் கேக்காம எப்படிப் போறது?"

"ராமநாதபுரம் பஸ் அங்கன நிக்குது. ஏறு. பெரிய ஆஸ்பத்திரியில இறங்கு."

அவள் தயங்கினாள்.

"போ தாயி!"

அவள் ஓடினாள். முணுமுணுப்பு எழுந்தது. "இவுகளா சாமிக்கு மேல?" என்றது ஒரு குரல். தங்கப்பாண்டி திரும்பிப் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்தது. உருமி உறுமத் தொடங்கியது. கூட்டம் கைகூப்பிக் காத்திருந்தது.

மூக்கையா உள்ளே போய் அரிவாளையும் சலங்கையையும் எடுத்து வந்தார். மருமகனின் காலடியில் வைத்தார்.

"கட்டுங்க மாப்ள. எந்தக் கேள்வின்னாலும், சாமி உங்க மேல இறங்கித்தான பதில் சொல்லணும்?"

தங்கப்பாண்டி சலங்கையைத் தொடவில்லை.

"அன்னைக்கு எம் பொண்டாட்டிகிட்ட ஆஸ்பத்திரி வேணாம்னு சொன்னது இந்த வாய்தான் மாமா. பேசுனது சாமியா, நானான்னு தெரியாம இனிமே கட்ட மாட்டேன்."