வழிவிட்டவர்

"நாத்தனார் மகளுக்குப் பத்தரைக்கு முகூர்த்தம். நம்மளை இப்படி மேலேயே சுத்த விட்டுட்டாங்களே," என்றேன்.

சென்னைக்கு மேலே, எங்கள் குட்டி விமானத்தை வட்டமாக ஓட்டிக்கொண்டிருந்தார் என் கணவர். "இறங்குற வரிசையில ஒன்பதாவதா இருக்கோம். உயிர் அவசரம்னாதான் முன்னால விடுவாங்க."

"பிரசவ வலின்னு சொல்லுங்க."

"அறுபத்திரண்டு வயசுல உனக்கா?"

"குரல்ல வயசு தெரியவா போகுது?" ரேடியோவை வாங்கி நானே முனகினேன்.

கட்டுப்பாட்டு அறைப் பெண் பதறிவிட்டாள். "பயப்படாதீங்கம்மா, உடனே இறங்குங்க."

ஆம்புலன்ஸ் வேண்டாம், எங்கள் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று ரேடியோவிலேயே சொல்லிவிட்டு, தாலி கட்டும் நேரத்துக்குப் போய்விட்டோம். பந்தியில் பாயசம் வந்தபோது கைபேசி அடித்தது. விமானப் பதிவில் இருந்த எண்ணைப் பார்த்து, அதே பெண்.

"சுகப்பிரசவமாம்மா?"

"ம்."

"அடுத்து இறங்க வேண்டியவர் நெஞ்சுவலிக்காரர். ரேடியோவில உங்க முனகலைக் கேட்டுட்டு, 'பிள்ளைத்தாய்ச்சி முதல்ல போகட்டும்'னு அவரேதான் சொன்னார். ஆஸ்பத்திரி வாசல்லயே போயிட்டாரும்மா. என்ன குழந்தைன்னு அவர் சம்சாரம் கேக்கச் சொன்னாங்க."

"பெண்," என்றேன்.

எழுந்தபோதுதான் பார்த்தேன். கல்யாணச் சாப்பாட்டு இலையை, சாவு வீட்டில் மடிப்பதுபோல எதிர்ப்பக்கமாக மடித்திருந்தேன்.